மச்சாள் ஒரே பார்வையில் கண்ட உடைவு

என் தம்பியின் மனைவி எதையும் இரண்டாம் தரம் பார்க்கமாட்டாள். பஸ் நேரம், மருந்துச் சிட்டை, புதிதாக வாங்கிய மின்னடுப்பின் கையேடு, எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரு பார்வை போதும். நான் அப்படியில்லை. ஒரு திகதியை எழுதுவதற்கு முன் இரண்டு மூன்று பேரிடமாவது விசாரித்துவிடுவேன். அவள் முதன்முதலாக மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை. அன்று மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு ஞாபகம். அவளுக்கு அது எந்த மாதம் என்பதே ஞாபகமில்லை. "மழை இல்லை, அது மட்டும் தெரியும் மச்சாள்" என்று சிரிப்பாள்.

அவள் தொண்டைமானாற்றுப் பக்கம். தகப்பன் வழியில் எல்லோரும் கடலோடிகள். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்த வேதக்காரக் குடும்பம். இந்தக் கலியாணத்துக்குப் பிறகு அம்மா கொஞ்சக் காலம் அவளுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் குசினி வாசலில் குந்தியிருந்து ஒரு பெரிய பாரை மீனை வெட்டினாள். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரமே, கனடாவிலிருந்து வருகிற அழைப்புகள் அம்மாவின் கைபேசியில் ஏன் சத்தமில்லாமல் வருகின்றன என்பதையும் அவள் சரிசெய்து கொடுத்தாள்.

"பிள்ளை மீன் வெட்டுற மாதிரித்தான் போனும் பாக்குது. ஒரே வெட்டு. முள்ளு தனிய, சதை தனிய" என்று, அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அம்மா சொன்னார்.

அந்தக் கைபேசியை நான் இரண்டு வாரமாகக் கையேட்டோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

என் தொழில் வரலாறு கற்பிப்பது. ஊரின் பிறப்பு இறப்புகளைத் தொகுப்பது என் பைத்தியம். தொற்றுக் காலத்து ஊரடங்கில் புத்தகங்களை வைத்து நானாகவே நிரல் எழுதப் பழகினேன். அந்த நாட்களில் எங்கள் குடும்பத்தில் கணினி தெரிந்தவள் நான் ஒருத்திதான். தம்பிக்குக் கடவுச்சொல் மறந்தாலும் என்னிடம்தான் வருவான். பிறகு அவன் யாழ்ப்பாண நகரத்து மென்பொருள் நிறுவனமொன்றில் வேலைசெய்யும் இவளைக் கட்டினான். வாசிப்பவர்கள் இதிலிருந்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். அவளிடம் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. என்னிடம் ஒரு தட்டு நிறைய இருக்கிறது.

எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரு வேலை. எங்கள் சபையில் நவம்பர் முதல் ஞாயிறு நினைவுகூரல் ஆராதனை. சபையில் மரித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் போதகர் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பார். பெயர், திகதி, வயது, ஊர். ஒரு பெயர் வாசிக்கப்படும்போது அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்பார்கள். அடுத்த பெயர் வரும்வரை நிற்பார்கள். வேறு ஒன்றும் இல்லை, பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் நேரலையில் பார்க்கிற பிள்ளைகள் தங்கள் வீட்டு வரவேற்பறையில் எழுந்து நிற்பதாகச் சொல்லுவார்கள். அந்தப் பட்டியலைத் தொகுத்தவள் நான். இன்னின்ன ஆண்டு என்றில்லாமல் மாதம், நாள் ஒழுங்கில் அடுக்கியிருக்கிறேன். ஒரே நாளில் இருவர் மரித்திருந்தால் யார் முந்தி என்று வீட்டுக்கு வீடு போய்க் கேட்டிருக்கிறேன்.

போதகருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு, காகிதத்தை விட்டுத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவது என்று முடிவானது. நான் அதற்கு ஒரு நிரல் எழுதினேன். அது பட்டியற் கோப்பைத் திறந்து, பைற் என்னும் சிறு தரவுத் துண்டுகளாக உள்ளே எடுத்து, எழுத்தாக்கித் திரையில் மெல்ல மேலே நகர்த்தும். கோப்பிலிருந்து பைற்றுகள் ஓடிவருவதைத் தரவோட்டம் என்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கையேந்தி வாங்கினால் வேலை ஊரும். அதனால் ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பிடித்து எடுக்கவேண்டும். பாடநூலில் அதற்கு இடையகம் என்று பெயர். எல்லோரும் சொல்வது பஃபர். என்னுடைய பஃபர் ஒரு தரத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் பைற் கொள்ளும். பாத்திரம் நிரம்பும், எழுத்தாக்குவேன், வெறுமையாக்குவேன், மறுபடி பிடிப்பேன். மிக எளிய வேலை என்று நினைத்திருந்தேன்.

சபையின் பழைய பதிவேடுகளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஞானஸ்நானப் பெயர்கள் அப்படித்தான் எழுதப்பட்டன. நானும் அவற்றை அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். முதலில் தட்டியது அந்தப் பகுதியைத்தான். அதை ஓட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பிறகு தமிழில் உள்ள பெயர்களையும் சேர்த்து அடுக்கினேன், முதற் பக்கங்களைப் பார்த்தேன், சரியென்று எழுந்துவிட்டேன். எங்களைப் போல இரண்டு மொழி எழுத்துகளில் தங்கள் இறந்தவர்களை வைத்திருக்கும் சபைக்குத்தான் இப்படி ஒரு நம்பிக்கை வரும்.

முதல் வருடம் திரையில் மூன்று இடங்களில் எழுத்து உடைந்தது. இரண்டு, ஊர்ப் பெயரில்; போதகர் சமாளித்துவிட்டார். மூன்றாவது ஒரு மனிதரின் பெயருக்கு நடுவில். கறுப்புச் சாய்சதுரம், அதற்குள் கேள்விக்குறி. போதகர் நின்றார், கண்ணாடியைச் சரிசெய்தார், பிறகு முன்னும் பின்னும் இருந்த எழுத்துகளைச் சேர்த்து ஏதோ வாசித்தார். அது யாருடைய பெயரும் இல்லை. மூன்றாவது இருக்கை வாங்கில் இருந்த ஒரு அம்மாவும் இரண்டு மகள்மாரும் பாதி எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெல்ல இருந்துவிட்டார்கள். அதற்குள் அடுத்த பெயர் போய்விட்டது.

ஆராதனை முடிந்து மூத்த மகள் என்னிடம் வந்தாள். "அக்கா, எங்கடை அப்பாவை வாசிச்சதோ?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

அடுத்த வருடம், நினைவுகூரலுக்கு ஒரு மாதம் இருக்கையில் போதகர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தபின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கடை மருமகள் இந்தத் துறையிலைதானே. இந்த முறை உந்தத் திரை வேலையை அவவிட்டைக் குடுத்தால் என்ன?"

"அதைத்தான் நானும் நினைச்சனான்" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பட்டியல் என்னுடையது ஐயா. திரையும் நானே பாக்கிறன்" என்றேன்.

"பட்டியலை ஆர் பிள்ளை உங்களிட்டை இருந்து பறிக்கிறது? காட்டுற வேலையைத்தான் சொல்லுறன். அந்தக் குடும்பம் திரும்பவும் அப்பிடிப் பாதி எழும்பி இருக்கக்கூடாது."

அதில் எனக்கு மறுப்பு இல்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ஆராதனைக்கு முதல்நாள் எங்கள் சபைக் கோவிலில் வைத்து ஓட்டிப் பார்ப்பது. உடைந்தால், இனி எல்லா வருடமும் மச்சாள்.

பிழையைத் தேடி எடுக்க எனக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அவளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வரும்போது மடிக்கணினியை மூடி மேலே வினாத்தாள் கட்டை வைத்துவிடுவேன். உடைந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெயரை நடுவில் சேர்த்தால் உடைவு வேறொருவருக்குப் போனது. ஒரு திகதியைத் திருத்தினால் இன்னொருவருக்கு. அந்த ஐப்பசியில் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் மரித்தார், நல்ல மனிதர். அவரைச் சேர்த்ததும் அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரும் நகர்ந்தார்கள். கடைசியில் பிடிபட்டது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற் போதும். தமிழ் எழுத்துக்கும், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று மூன்று பைற் வேண்டும். என் பாத்திரம் மூன்றால் பிரியாத அளவு. அது நிரம்புகிற இடத்தில் ஓர் எழுத்து நின்றால், அதன் ஒரு பைற் இந்தத் தரத்திலும் மற்ற இரண்டும் அடுத்த தரத்திலும் போய்விழும். இரண்டு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கப் போனால் இரண்டுமே எழுத்தில்லை.

இதைக் கண்டுபிடித்த பின்னேரம் நான் தனியே இருந்து சிரித்தேன். எந்தப் புத்தகத்திலும் யாரும் எனக்குச் சுட்டிக் காட்டாததை நானே கண்டேன். திருத்தமும் உடனே தோன்றியது. பஃபரை மிகப் பெரிதாக்கினேன், முழுப் பட்டியலும் ஒரே தரத்தில் கொள்ளும்படி. வெட்டே இல்லாவிட்டால் உடைவு ஏது? வீட்டில் ஓட்டினேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரு சாய்சதுரம் இல்லை. தம்பிக்கு நானாகவே அழைப்பு எடுத்து, "சனிக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் வாருங்கோ" என்று சொன்னேன். அவள் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். அவள் எல்லோருக்கும் ரோல்ஸ் பொதி ஒன்று கொண்டுவந்து, கடைசி வாங்கில் கால்களை மடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். கோவிலில் திரைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கணினி, பட்டியல் இருப்பது போதகரின் அறைக் கணினியில். இரண்டுக்கும் நடுவில் வைஃபை. போதகர் வாசிக்கத் தொடங்கினார். தை முடிந்தது. மாசி முடிந்தது. பங்குனியின் நடுவில் ஒரு கறுப்புச் சாய்சதுரம் மேலெழுந்து வந்தது.

"பிள்ளை, உது பழையபடி வந்திட்டுது" என்றார் போதகர்.

"போன வருசத்து விருந்தாளி. வாசல் தெரிஞ்சு வாறார்" என்றான் தம்பி.

மறுபடி ஓட்டினேன். இந்த முறை பங்குனி தப்பியது, வைகாசியில் வந்தது. ஒரே கோப்பு, ஒரே நிரல், இடம் மட்டும் வேறு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ரோல்ஸை மென்றபடி எழுந்து முன்னுக்கு வந்தாள்.

"எவ்வளவு பைற் கேக்கிறியள் மச்சாள்?"

"முழுக்க. ஒரே தரத்திலை கொள்ளக்கூடியதா வைச்சிருக்கிறன்."

"கேக்கிறது நீங்கள். தாறது அது எல்லோ." விரலைத் துடைத்துக்கொண்டு போதகரின் அறையைக் காட்டினாள். "வீட்டிலை எல்லாம் உங்கடை கொம்பியூட்டருக்குள்ளையே கிடந்தது. கேட்டவுடனை முழுக்கத் தந்திட்டுது. இஞ்சை அங்காலை இருந்து வரவேணும். நீங்கள் எவ்வளவைக் கேட்டாலும், அந்த நேரத்துக்கு எவ்வளவு வந்து சேர்ந்துதோ அவ்வளவைத்தான் தரும். பாத்திரத்தைப் பெரிசாக்கினால் தண்ணி கூட வருமோ?"

போதகர், "எனக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லும் தங்கச்சி" என்றார்.

"மானிப்பாய்ச் சந்தியிலை மினிபஸ் நிக்குது எண்டு வையுங்கோ ஐயா. இங்கிலீசு எழுத்து தனிய வாற ஆள். பஸ் நிரம்பினால் அடுத்ததிலை வருவான், ஒருத்தருக்கும் நட்டமில்லை. எங்கடை எழுத்து தாய், தகப்பன், பிள்ளை எண்டு மூண்டு பேராத்தான் வெளிக்கிடும். கொண்டக்டர் உதெல்லாம் பாக்கமாட்டான். தகப்பனை மட்டும் ஏத்திப்போட்டு ரைட் எண்டிடுவான். அங்கை போய் அந்தாள் தனிய இறங்கி நிண்டால், இது ஆரெண்டு தெரியாமல் கேள்விக்குறி போட்டு விடுகினம்."

போதகர் வாய்விட்டுச் சிரித்தார். "உதைப் பிரசங்கத்திலை சொல்லலாம் போலை கிடக்கு."

தம்பி அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சின்ன வயதில் நான் ஊஞ்சற் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தபோது அப்படி என்னைப் பார்த்தவன் அவன்.

அந்த மினிபஸ்ஸில் குடும்பம் பிரிகிற கதை எனக்குத் தெரியும். எவரிடமும் கேளாமல் நானே கண்டது அது. தெரியாமல் இருந்தது மற்றப் பாதி மட்டும்: கேட்டது முழுவதும் கிடைக்கும் என்று எவரும் வாக்குத் தரவில்லை என்பது. ஆனால் என் பாதியும் அவள் வாயில் வந்தபோதுதான் எல்லோர் காதிலும் ஏறியது. "அது எனக்கு முதலே தெரியும்" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அதைவிடக் கேவலம் இருந்திருக்காது. சொல்லவில்லை.

"ஒரேயொரு வரி மச்சாள்," என்று அவள் என் விசைப்பலகைக்குக் கை நீட்டினாள். "பைற்றா வாங்காமல் எழுத்தா வாங்கிற ஆளை முன்னுக்கு விட்டால், அவர் மிச்சத்தைத் தானே பிடிச்சு வைச்சிருப்பார்."

நான் விசைப்பலகையின்மேல் கையை வைத்தேன். "வேண்டாம். விளங்கீட்டுது. நானே செய்யிறன்."

"அக்கா, விடிஞ்சால் ஆராதனை" என்றான் தம்பி.

போதகர் இரண்டு பக்கமும் பார்த்தார். "விடிய ஏழு மணிக்கு ஒருக்கா ஓட்டுவம். சரிவராட்டில் தங்கச்சி தன்ரை வரியைப் போடட்டும். அதுக்குப் பிறகு அவவே பொறுப்பு."

"ஓம் ஐயா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தேன். அவளுடைய ஒரு வரி என்ன என்பது என் புத்தகங்களிலும் இருந்தது. தேடினால் ஐந்து நிமிடம். அதைப் போட்டால் அது அவளுடைய திருத்தம். நான் நீட்டு வழியால் போனேன். ஒவ்வொரு தரமும் வாசித்த பிறகு, எத்தனை பைற் உண்மையில் வந்தது என்று பார்ப்பது. அதன் வாலில் நிற்பது முழு எழுத்தா, துண்டா என்று பார்ப்பது. துண்டானால் அந்த ஒன்றையோ இரண்டையோ எழுத்தாக்காமல் எடுத்து வைத்து, அடுத்த தரம் வருவதற்கு முன்னால் ஒட்டுவது. தரவோட்டம் முடிந்துவிட்டது என்று கணினி சொன்னால் மட்டும் கையில் மிச்சம் ஏதும் இல்லையென்று உறுதிசெய்வது. எழுதினேன், பிழை வந்தது, திருத்தினேன்.

"பிட்டு ஆறுது" என்றார் அம்மா. பிறகு, என் தலைக்கு மேலால், "பிள்ளையைக் கேட்டிருந்தால் இவ்வளவு நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பாய்."

அதைக் கேட்ட ஆத்திரத்தில்தான் அந்த யோசனை வந்தது என்று நினைக்கிறேன். பஃபரை வேண்டுமென்றே ஐந்து பைற்றாகச் சுருக்கினேன். ஒன்றரை எழுத்துக்கு ஒரு வெட்டு. முழுப் பட்டியலையும் அப்படி நறுக்கி நறுக்கி ஓட்டி, கோப்போடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளி பிசகவில்லை. இனி வைஃபை எப்படித் துண்டாடி அனுப்பினாலும் எனக்குக் கவலையில்லை. பிட்டு நன்றாக ஆறியிருந்தது. நன்றாகவும் இருந்தது.

காலையில் ஏழு மணிக்கு ஓட்டினோம். போதகர் கடைசிப் பெயர்வரை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஒன்பது மணிக்குச் சனம் நிறைந்துவிட்டது. அந்த அம்மாவும் மகள்மாரும் அதே மூன்றாவது வாங்கில் இருந்தார்கள். மச்சாள் பச்சைச் சேலையில் தம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள்.

பெயர்கள் ஏறத் தொடங்கின. ஒவ்வொரு குடும்பமாக எழுந்து நின்றது, இருந்தது. நான் கணினிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதரின் பெயர் திரையின் அடியில் தெரிந்தபோது போதகரின் வாயையே பார்த்தேன். போதகர் அதை முழுதாக, நிதானமாக வாசித்தார். மூன்று பேரும் சேர்ந்து எழுந்தார்கள். தாய் முன்வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பெயர் வரும்வரை நிமிர்ந்து நின்றார். அந்தக் கணத்தில் எனக்கு எவர்மேலும் எதுவும் இல்லை. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பெயரின் நேரம்.

கடைசியில் அறிவித்தல்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இந்த முறை திரை வேலை இவ்வளவு திருத்தமா நடந்ததுக்கு நாங்கள் ஒருவருக்கு நன்றி சொல்லவேணும். எங்கடை சபைக்கு மருமகளா வந்த பிள்ளை, நேற்று வந்து ஒரு பார்வையிலையே பிழையைக் கண்டுபிடிச்சுத் தந்தவ."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவள் திடுக்கிட்டு எழும்பினாள்.

"ஐயோ, நான் இல்லை. நான் ஒண்டுமே செய்யேல்லை. எழுதினது முழுக்க மச்சாள்" என்றாள். நல்ல உரத்துத்தான் சொன்னாள்.

சபை கனிவோடு சிரித்தது. "எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்று எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். போதகரும் சிரித்தபடி ஆசீர்வாதத்துக்குக் கை உயர்த்திவிட்டார்.

வெளியே வந்தபோது மூத்த மகள் என்னைக் கடந்து போய் மச்சாளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். அவள் மறுத்துத் தலையாட்டுவது தெரிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி, சனத்துக்குள்ளால் நேரே என்னிடம் கூட்டிவந்தாள்.

"நன்றியை இவவுக்குச் சொல்லுங்கோ. இவதான்."

"நீங்களோ அக்கா?" என்றாள் அந்தப் பெண். நம்பியதாகத் தெரியவில்லை. "அம்மா போன வருசம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அழுதவ. சரியான நன்றி."

நன்றி வந்துவிட்டது. நான் விரும்பியதும் அதைத்தான். ஆனால் அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவளும் அவளாகவே இருந்தாள். நேர்மையில்கூட அவளிடம் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குறை கிடைக்கவில்லை. வாசலில் போதகர், "அடுத்த வருசமும் நீங்களே செய்யுங்கோ பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். பிறகு யோசித்து, "தங்கச்சியையும் பக்கத்திலை வைச்சிருங்கோ" என்றார்.

"தேவையில்லை ஐயா" என்றேன். மச்சாள் அதைக் கேட்டாள். அம்மாவின் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை இரண்டு பேருக்குத்தான் போதும். நான் நனைந்துகொண்டு பின்னால் போனேன்.